பல்லக்கா பழசாக்கிய வீடு

என் வாயில் இருக்கும் இருபத்தெட்டுப் பல்லும் எதிர்வீட்டுக்காரி செய்தவை. முதல் தடவை மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்த அன்றைக்கே அவளோடு சண்டை போட்டேன். கீழ்வரிசையில் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் லேசாக ஏறி உட்கார்ந்திருந்தது. ஈறோரத்தில் மங்கலாக ஒரு பழுப்புக் கோடு வேறு.

"புதுப் பல்லு கேட்டா பழைய பல்லைச் செஞ்சு குடுத்திருக்கியே, இது என்னடி நியாயம்?"

"உங்க பல்லு அப்படித்தானே பெரியம்மா இருந்துச்சு? அறுபத்தெட்டு வயசு முகத்துல இருபது வயசுப் பல்லை வச்சா, நீங்க சிரிக்கும்போது பல்லு மட்டும் தனியா சிரிக்கும்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் என் தங்கை வந்தாள். நாலு நாள் என்னோடு இருந்துவிட்டுக் கிளம்பும்போது, "உனக்கு மட்டும் எப்படிக்கா ஒரு பல்லும் விழல?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அப்போதுதான் மனசுக்குள் ஒத்துக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரியிடம் இன்றுவரை சொல்லவில்லை. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கட்டடத்துப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். எழுதி முடித்ததும் அவளே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் கட்டடத்துக் குழந்தைகள் அவளைப் பல்லக்கா என்பார்கள். பல் செய்கிற அக்கா, பல்லக்கா. இப்போது பெரியவர்களுக்கும் அதுவே வாயில் வருகிறது. அவள் புருஷன் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் அவருக்குத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்கியபடி தினமும் அதையே சொல்லிச் சிரிப்பார்.

பல்லக்கா வேலை பார்ப்பது பல் ஆஸ்பத்திரியின் பின்கட்டில். முன்னால் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி அச்செடுப்பார். அச்சு பின்னால் வரும். அதில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் ஒவ்வொன்றாக நட்டு, கடைசியில் தேய்மானம் வைப்பாள். அந்தத் தேய்மானம்தான் அவள் கைவரிசை. ஆள் எந்தப் பக்கம் மெல்லுகிறார் என்று டாக்டர் சீட்டில் குறித்து அனுப்பினால், அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பல்லை நாற்பது வருஷம் மென்றது போல அரத்தால் இழைத்துவிடுவாள். முப்பத்தொரு வருஷமாக ஒரே மேசை, ஒரே ஜன்னல், மேசையின் இடது ஓரத்தில் கழுத்து வளையும் ஒரு விளக்கு. இப்போதைய டாக்டர் அவளுக்குப் பத்து வயசு சின்னவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அந்த டாக்டரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் சொந்தப் பற்கள் இருந்த காலத்தில் ஒருநாள் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்துக்கொண்டே, "பாட்டி, வலது கையால பலமாத் தேய்ப்பீங்களோ? இடது பக்கப் பல்லெல்லாம் வேரோரம் குழி விழுந்திருக்கே" என்றார். எப்படித் தெரியும் என்றேன். வலது கைக்காரர்களுக்கு இடது பக்கம்தான் அழுத்தம் விழுமாம். ஆளைப் பார்க்காமலே வாயைப் பார்த்துக் கையைச் சொல்லிவிடுவாராம். எனக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் பல்லக்காவுக்கு டீ கொடுத்தேன். வலது கையில் வாங்கினாள், உடனே இடது கைக்கு மாற்றினாள். சூடு என்றாள். என் வீட்டு டீ என்றைக்கு அவ்வளவு சூடாக இருந்தது? நான் அவள் வலது கையையே பார்த்தேன். மடியில் வைத்துப் புடவைத் தலைப்பால் மூடினாள். தலைப்பு ஆடியது.

"கையைக் காட்டுடி."

"முதல்ல கதவைச் சாத்துங்க பெரியம்மா."

சாத்தினேன். காட்டினாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் யாரோ நூல் கட்டி இழுப்பது போல நடுங்கின.

அவளுக்குக் கை நடுங்குவதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பின்கட்டு வேலையை மாடிக்கு மாற்றப் போகிறார்கள், புது எந்திரம் வருகிறது, அறை சின்னது, நாலு மேசை மூன்றாகப் போகிறது. நாலில் ஒருவர் முன்கூடத்துக்குப் போய், வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து உட்காரச் சொல்ல வேண்டும். யார் என்பதை மாடி அறை தயாரான பிறகு டாக்டர் சொல்வார். கை நடுங்குவது தெரிந்தால் அவர் யோசிக்கவே வேண்டாம்.

"முன்னாடி உக்கார்றது என்ன அவ்வளவு கேவலமா? ஃபேனுக்குக் கீழ உக்காந்துகிட்டு அதிகாரம் பண்ணலாமே" என்றேன்.

"எனக்கு அவங்க வாய் மட்டும் போதும் பெரியம்மா. அது பேச ஆரம்பிச்சா என்ன பண்றதுன்னு தெரியாது. முப்பத்தொரு வருஷமா நான் கடைசிப் பல்லை நட்டதும் அந்த அச்சு ஒரு ஆளா மாறுது. அதை விட்டுட்டு டோக்கன் கிழிக்கச் சொன்னா, நான் அங்க உக்காந்திருக்க மாட்டேன், என் சேலை மட்டும் உக்காந்திருக்கும்."

அதனால் இடது கையைப் பழக்கினாள். தலை வாருவது, பல் விளக்குவது, கரண்டி பிடிப்பது, சாவி திருப்புவது எல்லாமே இடது கை. வேலைக்கு எல்லோருக்கும் ஒரு மணி நேரம் முன்னால் போய், நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, இடது கையால் மெழுகு செதுக்கினாள். மூன்று மாதத்தில் கை படிந்துவிட்டது. ஆனால் யாருக்கும் தெரியாது, என்னைத் தவிர.

"உன் வீட்டுக்காரருக்காவது சொல்லு."

"அவருக்கா? லிஃப்ட் லேசா ஆடினாலே நிறுத்திப் பூட்டு போட்டு, 'பயன்படுத்தாதீர்'னு எழுதி ஒட்டுறவரு அவரு. என் கையைப் பாத்தா என் நெத்தியிலயும் ஒட்டிடுவாரு."

இந்த நிலைமையில்தான் அந்த வீடு வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரிக்கு மாவும் மெழுகும் கொடுக்கிற கம்பெனிக்காரர்கள் டாக்டருக்கு ஒரு பெட்டி அனுப்பியிருந்தார்கள். நாமே ஒட்டிச் செய்கிற பொம்மை வீடு. காத்திருக்கிற பிள்ளைகள் பார்க்கக் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் வைக்கலாம் என்று டாக்டருக்குத் தோன்றியிருக்கிறது. பல்லக்காவைக் கூப்பிட்டார்.

"பொம்மைக் கடையில இருக்கிற மாதிரி பளபளன்னு வேணாம்க்கா. நூறு வருஷம் ஆள் இருந்த வீடு மாதிரி இருக்கணும். பழசாக் காட்டுறதுல உங்களை விட்டா யாரு? மாடி ரூம் தயாராகுறதுக்குள்ள முடிச்சாப் போதும்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்து மேசைமேல் வைத்தாள்.

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா ஏன்னு கேப்பாரு."

பெட்டியைத் திறந்தோம். மெல்லிய பலகைத் தகடுகளில் சுவர், ஜன்னல், படி எல்லாம் வெட்டி வைத்திருந்தார்கள்; விரலால் தள்ளினால் பெயர்ந்து வந்தது. நகத்தளவு கதவுக் கைப்பிடி, துணித்துண்டு, கம்பி, பேட்டரியில் எரியும் கடுகளவு பல்பு. ஒட்டும் முறையைச் சொல்ல ஒரு புத்தகம். அதில் எழுத்தே இல்லை, படம் மட்டும். யார் செய்த புத்தகமோ, என்னை மனசில் வைத்துச் செய்த புண்ணியவான்.

பசையைத் தொடவே அவள் மூன்று வாரம் விடவில்லை. முதலில் திட்டம் என்றாள். ஒரு நோட்டில் அறை அறையாக வரைந்தாள். நான் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுத்துக்குப் பதில் படமாகவே போட்டாள். கீழே சமையலறையும் கூடமும். மேலே படுக்கையறையும் ஒரு சின்ன அறையும்.

"இங்க யார் இருந்தாங்க பெரியம்மா?"

"எனக்கென்ன தெரியும்? பெட்டிக்குள்ள யாராவது இருந்திருக்கப் போறாங்களா?"

"யார் இருந்தாங்கன்னு தெரியாம எங்க தேயும்னு எப்படித் தெரியும்? ஒரு கடைவாய்ப் பல்லுன்னாலும் யாருதுன்னு கேட்டுத்தானே தேய்ப்பேன்."

அப்படியாக நாங்கள் இருவரும் ஒரு குடும்பத்தை உண்டாக்கினோம். கூடத்தில் ஒரு கிழவர், கணக்கெழுதி ஓய்வு பெற்றவர், நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். சமையலறையில் அவர் பெண்டாட்டி. மேல் அறையில் அவளுடைய நாத்தனார், தையல் மெஷினோடு. நாத்தனாரும் அண்ணியும் பேசிக்கொள்வதில்லை என்று நான் சேர்த்தேன். அதற்கும் பலகையில் தடயம் வைக்க வேண்டுமே என்றாள். வைத்தாள்: மாடியிலும் தனியாக ஒரு சின்ன அடுப்பு.

எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதற்குக் காரணம் இருக்கிறது. நாற்பது வருஷம் அடுத்தவர் வீடு துடைத்தவள் நான். பல் எங்கே தேயும் என்று அவளுக்குத் தெரியும் என்றால், அழுக்கு எங்கே உட்காரும் என்று எனக்குத் தெரியும். அவள் அடுப்புக்கு நேர் மேலே கரி தீட்டப் போனாள்.

"அங்க வைக்காத. ஜன்னல் இந்தப் பக்கம் இருக்கு, புகை இந்தப் பக்கம்தான் சாயும்."

"பழைய வீட்டுப் படத்துல பாத்தேன் பெரியம்மா, நேராத்தான் இருந்துச்சு."

"படம் எடுத்தவன் சுவத்தைத் தேச்சானா, நான் தேச்சேனா?"

கரி சாய்ந்தது. சுவரின் அடியில் துடைப்பத் தண்ணீர் பட்டுப் பட்டு ஒரு கறுத்த கோடு விழும், அதையும் வைக்கச் சொன்னேன். வாளி வைக்கிற மூலையில் வட்டம். வாசற்படியில் நடுவில் பள்ளம். அவளும் ஒன்று சொன்னாள், அதை மட்டும் நான் மறுக்கவில்லை: கட்டிலுக்கு அடியில் தரையைப் புதுசாகவே விட வேண்டும், ஏனென்றால் கட்டிலை நூறு வருஷமாக யாரும் நகர்த்தவில்லை.

சாயம் எல்லாம் முதலில் ஐஸ் குச்சியில் போட்டுப் பார்த்தாள். ஒரு குச்சிக்கு டீத் தண்ணீர், ஒன்றுக்குக் காபி. பாத்திரம் தேய்க்கிற கம்பிச் சுருளை வினிகரில் ஊறவைத்து எடுத்த தண்ணீரைத் தடவினால், புதுப் பலகை மழையில் கிடந்தது போலச் சாம்பல் நிறமாகிவிடுகிறது. பசையைத் தடிப்பாகப் பூசி, காயுமுன் அதன்மேல் பெயின்ட் அடித்தால் வெடித்து வெடித்துப் பாளம் விடுகிறது. பெயின்டுக்கு அடியில் மெழுகைத் தேய்த்து வைத்தால் பிறகு சுரண்டும்போது அந்த இடம் மட்டும் உரிந்து வருகிறது. இருபது குச்சிகளையும் வரிசையாக ஓர் அட்டையில் ஒட்டினாள். ஆஸ்பத்திரியில் பல்லின் நிறம் பார்க்க ஒரு பட்டை வைத்திருப்பார்களே, அதே மாதிரி. கதவுக்கு எந்த நிறம் என்றால் குச்சியைக் காட்டித்தான் பேசுவோம்.

எந்த இடத்தில் கை படும் என்று பார்க்க அவளிடம் ஒரு முறை இருந்தது. இரண்டு விரலைக் கால் போல வைத்து, அந்த வீட்டுக்குள் நடப்பாள். கிழவராகி நாற்காலியில் உட்கார்ந்து, காபி டம்ளரை எங்கே வைப்பார் என்று விரலால் வைத்துப் பார்ப்பாள். கிழவியாகி அடுப்படியில் தீக்குச்சியைச் சுவரில் உரசுவாள். காய் நறுக்குவாள். கணக்கெழுதுகிற மேசையில் பேனாவை உதறுவாள். விரல் எங்கே போய் நின்றதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். புள்ளியெல்லாம் சேர்ந்து திட்டம் ஆனது.

அதற்குப் பிறகுதான் பசை. இடது கையில் இடுக்கி. வலது கை சும்மா இருக்காது, கூடவே ஆட வரும். ஒரு கைக்குட்டையில் மணலை முடிந்து அதன்மேல் வைத்துவிடுவாள்.

"மணல் பத்தலைன்னா சொல்லு, இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைக்கிறேன்."

"சூடு ஆறினதுக்கப்புறம் வைங்க பெரியம்மா."

எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள். சமையலறை அலமாரித் தட்டுகளில் பழைய செய்தித்தாள் விரிக்க வேண்டும். பொடி எழுத்தாகப் பார்த்து வெட்டி ஒட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லாம் தலைகீழாம். பிய்த்து ஒட்டலாம் என்றாள்.

"கையை எடு. அலமாரித் தாளை யாரு நிமிர்ந்து நின்னு படிக்கிறா? எலிதான் படிக்கும். அது எப்படி வேணா படிச்சுக்கும்."

இன்றும் தலைகீழாகத்தான் இருக்கிறது.

பல்புக்குக் கம்பி இழுக்க அவள் புருஷன் ஒருநாள் வந்தார். அவள் சட்டென்று வலது கையை மேசைக்கு அடியில் விட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாம் சரி, லிஃப்ட் எங்க?"

"ஒத்தை மாடி வீட்டுக்கு லிஃப்டா?"

"மேல இருக்கிற நாத்தனாருக்கு முட்டி வலின்னா?"

"அவங்க கீழ வர்றதில்லைங்க. பேச்சுவார்த்தை இல்ல."

கம்பியை இணைத்தார். நாலு அறையிலும் மஞ்சளாக வெளிச்சம் வந்தது. எனக்குத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம் போல இருந்தது. அவர் போகும்போது வாசலில் நின்று பெண்டாட்டியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

மாடி அறை தயாராகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டை அட்டைப் பெட்டியில் வைத்துக் காரில் கொண்டுபோனோம். புருஷன் வண்டி ஓட்ட, பல்லக்கா பக்கத்தில் உட்கார, பெட்டி என் மடியில். எனக்கும் அங்கே வேலை இருந்தது. கீழ்ச் செட் ஒரு ஓரத்தில் உரசிக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் பல்லக்கா புதிதாகச் செய்து தந்த செட். அவர் வண்டி நிறுத்த இடம் தேடிப் போனார். நாங்கள் உள்ளே போனோம்.

டாக்டர் கடைசி ஆளை அனுப்பிவிட்டு வந்தார். வீட்டை மேசைமேல் வைத்து விளக்கைப் போட்டதும், "அடேயப்பா" என்றார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நெற்றியில் கட்டுகிற விளக்கைக் கட்டினார். வாய்க்குள் விடுகிற சின்னக் கண்ணாடியை எடுத்து ஜன்னல் வழியாக உள்ளே விட்டார்.

"எங்க, ஆ காட்டுங்க" என்று வீட்டிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

கட்டிலுக்கு அடியில் கண்ணாடியை விட்டுப் புதுத் தரையைப் பார்த்தார். "அடியில புதுசா விட்டிருக்கீங்களே!" சமையலறைக்குப் போனார். "புகை சாஞ்சிருக்கு." அது நான் என்று சொல்ல வாயெடுத்தேன், பல்லக்கா என் காலை மிதித்தாள். டாக்டர் கூடத்துக்கு வந்தார், மறுபடி சமையலறைக்குப் போனார், மாடிக்குப் போனார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல யோசனையாக மாறியது.

"அக்கா, இந்தத் தாத்தா இடது கைக்காரரா?"

பல்லக்கா தலைப்பை இழுத்து வலது கையை மூடினாள்.

"டம்ளர் வச்ச வட்டமெல்லாம் நாற்காலிக்கு இடது பக்கம் இருக்கு. மேசையில மை சிந்தினதும் இடது பக்கம். சரி, அவர் இடது கைன்னு வச்சுக்குவோம். பாட்டியும் தீக்குச்சியை அடுப்புக்கு இடது பக்கச் சுவத்துல உரசியிருக்காங்க. காய் நறுக்கற பலகையில கத்திக் கோடு எல்லாமே மறுபக்கமா சாஞ்சிருக்கு. மேல ஒரு அம்மா இருக்காங்க, அவங்க அடுப்புலயும் அப்படியே." கண்ணாடியை வெளியே எடுத்தார். "ஒருத்தர் இடது கைன்னா சரி. குடும்பமே இடது கையா அக்கா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. விரலைக் கால் போல வைத்து அவள் நடந்ததெல்லாம் இடது கை விரல். ஏழு மாதமாக எல்லாவற்றையும் அந்தக் கையால் செய்து, அவள் உடம்பே அந்தப் பக்கம் திரும்பிவிட்டிருக்கிறது. மூன்று பேராக நடித்தும் மூன்று பேருக்கும் அதே கை. நான் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் உட்கார்ந்திருந்தது அவளுக்கு எதிரே. அவள் இடது எனக்கு வலது. என் கண்ணுக்கு எல்லாம் சரியான பக்கத்திலேயே தெரிந்தது.

"நீங்க வலது கைதானேக்கா?" என்றார் டாக்டர். குரல் தணிந்திருந்தது.

அவள் சேலைத் தலைப்பை எடுத்துவிட்டு வலது கையை மேசைமேல் வைத்தாள். அது ஆடியது. மேசையிலிருந்த இடுக்கி ஒன்று கூடவே கிணுகிணுத்தது. டாக்டர் அந்த இடுக்கியை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"எத்தனை நாளா?"

"ஏழு மாசம்."

"ஏழு மாசமா பல் போயிட்டுதானேக்கா இருக்கு இங்கிருந்து? யார் செய்யறா?"

"நான்தான். முதல் மூணு மாசம் எப்படியோ சமாளிச்சேன். நாலு மாசமா எல்லாமே இடது கை."

டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "என்கிட்ட சொல்லியிருக்கணும். ஒரு ஆளுக்குச் சரியில்லாமப் போயிருந்தா?"

"சொல்லியிருக்கணும். தப்புதான்" என்றாள். அதற்கு மேல் அழவோ கெஞ்சவோ இல்லை. என் பக்கம் திரும்பினாள். "பெரியம்மா, கீழ்ச் செட்டைக் கழட்டுங்க."

"இங்கயா?"

"இங்கதான்."

ஒரு ஆண்பிள்ளை முன்னால் பல்லைக் கழற்றுவது எனக்குப் பிடிக்காத காரியம். அவள் முகத்தைப் பார்த்தேன். கழற்றிக் கொடுத்தேன். கழுவி, துடைத்து, டாக்டர் முன்னால் வைத்தாள்.

"இது ரெண்டு மாசம் முன்னாடி இடது கையால செஞ்சது. மேல் செட்டு ஆறு வருஷத்துக்கு முன்னாடி வலது கையால செஞ்சது. ரெண்டையும் பாத்துட்டு என்னை எங்க வேணா உக்கார வைங்க."

மேல் செட்டையும் கழற்ற வேண்டியதாகிவிட்டது. அதற்கப்புறம் நான் பேசியது எனக்கே புரியவில்லை.

டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார். பல் பல்லாகத் திருப்பினார். கடிக்கிற பக்கத்தைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஏறி உட்கார்ந்திருக்கும் அந்த முன்பல்லை நகத்தால் தடவினார். இடையில் பல்லக்காவின் புருஷன் உள்ளே வந்து, பல்லில்லாத என்னையும், மேசையில் ஆடும் கையையும், டாக்டரின் முதுகையும் பார்த்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார்.

"ஒரு இடத்துல உரசுதுன்னீங்களே பாட்டி, எங்க?"

நான் ஈறைக் காட்டினேன்.

"அது என் அச்சு தப்பு. அச்செடுக்கும்போது ஓரம் மடங்கியிருக்கு. அக்கா மேல தப்பில்ல." இரண்டு செட்டையும் என்னிடம் கொடுத்தார். "எது எந்தக் கைன்னு சொல்லியிருக்காட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது. வாயைப் பாத்து இருபது வருஷமா சொல்லிட்டிருக்கேன், இதுல தெரியல."

பிறகு நேரடியாகச் சொன்னார். இந்த வாரமே நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவளுடைய வேலையை இவரே கண்ணாடி வைத்துப் பார்ப்பார். ஒரு பல் சரியில்லை என்றாலும் மேசை கிடையாது, முன்கூடம்தான். அதுவரை மாடியில் ஜன்னலோர மேசை அவளுக்கு. இன்னொன்றும் சொன்னார்: நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போடக்கூடாது.

"சரி டாக்டர்" என்றாள் பல்லக்கா. பிறகு வீட்டைக் காட்டி, "இதை எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணிக் கொண்டுவரட்டுமா? கிழவியை மட்டுமாவது வலது கை ஆக்கிடறேன்" என்றாள்.

"வேணாம்க்கா. எனக்கு இப்ப இந்தக் குடும்பம் பழகிடுச்சு."

வீட்டுக்கு வரும் வழியில் கார் சிக்னலில் நின்றபோது புருஷன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீ சாவியை இடது கையால திருப்புறேன்னு ரொம்ப நாளாவே தெரியும். பூட்டு சத்தமே வேற மாதிரி கேட்டுச்சு."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா, என்னமோ நெத்தியில ஒட்டிடுவேன்னு எதிர்வீட்டுல சொல்லிட்டிருந்தியாமே."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை. எங்கள் கட்டடத்துக் கதவுகள் அவ்வளவு மெல்லிசு. இதையும் எழுதிக்கொள்ளட்டும், இரண்டு மாதமாக என்மேல் பழி இருக்கிறது.

அடுத்த நாள் பழைய மேசையை மாடிக்குத் தூக்கிப் போட்டார்கள். இடது கையால் வேலை செய்தால் இடப்பக்க விளக்கு கையின் நிழலைப் பல்மேலேயே போடும். அதனால் புருஷன் திருப்புளியோடு போய் விளக்கைக் கழற்றி வலது ஓரத்தில் மாட்டிக் கொடுத்தார். ஈறு ஆறிவிட்டதா என்று காட்டப் போன நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பத்தொரு வருஷம் விளக்கு இருந்த இடத்தில் மேசையில் இரண்டு ஆணித் துளை.

"கொஞ்சம் மாவு குடு, அடைச்சு நிறம் போட்டா ஒண்ணுமே தெரியாது" என்றார் அவர்.

"வேணாம், இருக்கட்டும்" என்றாள் பல்லக்கா.

எனக்குப் பொறுக்கவில்லை. "துளையை அப்படியே விட்டா மெழுகும் தூசியும் போய் அடையும்டி. நாற்பது வருஷம் துடைச்சவ சொல்றேன், அதை மட்டும் சுத்தம் பண்ணவே முடியாது."

"அடையட்டும் பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, இடது கையால் விளக்கைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்க உட்கார்ந்தாள்.